செல்ஃப் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை: காரின் எரிபொருள் வழியை வீட்டிலேயே சோதிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

அம்பாசமுத்திரம், களக்காடு, திசையன்விளை, வள்ளியூர் என்று திருநெல்வேலிச் சீமையில் எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும், பிள்ளைகள் சென்னையிலோ மும்பையிலோ வளைகுடாவிலோ இருக்க, வீட்டு முற்றத்தில் கார் மட்டும் மாதக்கணக்கில் நிற்கும் வீடுகள் பல உண்டு. கோவில் கொடைக்கோ கல்யாணத்துக்கோ ஊருக்கு வந்தவர் சாவியைத் திருகினால் செல்ஃப் நன்றாகச் சுற்றும், ஆனால் இன்ஜின் பிடிக்காது. “வண்டி ஸ்டார்ட் ஆவ மாட்டக்கு, அண்ணாச்சி” என்று மெக்கானிக்கிடம் தொலைபேசியில் சொன்னதும், “பம்பு போயிருக்கும், மாத்திருவோம்” என்ற பதில் பெரும்பாலும் வந்துவிடும். அந்தப் பதில் சில நேரம் சரியாகவே இருக்கும். ஆனால் டேங்குக்குள் இருக்கும் பம்பை மாற்றுவது ஆயிரக்கணக்கில் செலவு வைக்கும் வேலை. அதே அறிகுறியை, பம்புக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் ஒரு சிறிய ரிலேயோ, எலி கடித்த ஒரு கம்பியோ, துருப்பிடித்த ஒரு எர்த் திருகோ அப்படியே காட்டக்கூடும். எனவே அளந்து பார்க்காமல் எந்தப் பாகத்தையும் மாற்றக்கூடாது என்பதை அடிப்படையாகக் கொண்டே இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. சோதனைகளை எளிதிலிருந்து கடினத்துக்கும், செலவில்லாததிலிருந்து செலவுள்ளதற்கும் செல்லும் வரிசையில் வைத்திருக்கிறேன். இந்த வரிசையை மாற்றாமல் செய்து வந்தால், பழுது எந்த இடத்தில் இருக்கிறது என்பதை வீட்டிலேயே ஏறக்குறையத் துல்லியமாகச் சொல்லிவிடலாம்.

இங்கே முதன்மையாகப் பேசப்படுவது எம்.பி.எஃப்.ஐ. வகைப் பெட்ரோல் கார்கள், அதாவது ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி இன்ஜெக்டர் பெட்ரோலைத் தூவும் கார்கள். டீசல் வண்டிகளுக்கும் பழைய கார்புரேட்டர் வண்டிகளுக்கும் பொருந்துவதைப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

கை வைப்பதற்கு முன்

பெட்ரோலின் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. அது மேலே கலைந்து போகாமல் தரையோடு படர்ந்து, பள்ளமான இடத்தில் தேங்கி, எங்கோ தள்ளியிருக்கும் ஒரு பொறியில்கூடப் பற்றிக்கொள்ளும். எனவே மூடிய ஷெட்டுக்குள் இந்த வேலையைச் செய்யாமல், வண்டியைத் தள்ளித் திறந்த வெளிக்குக் கொண்டுவந்து, நிழலில் நிறுத்திச் செய்யுங்கள். பக்கத்தில் வெந்நீர் அடுப்பு எரியக்கூடாது, பீடி சிகரெட் கூடாது, கம்பி நீட்டிய குண்டு பல்பும் கூடாது. பேட்டரியில் எரியும் எல்.இ.டி. விளக்கு போதும். உலர்தூள் வகைத் தீயணைப்பான் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

நம் பக்கத்தில் இன்னும் விடாத ஒரு பழக்கம், டியூபை வாயில் வைத்து உறிஞ்சி டேங்கிலிருந்து பெட்ரோல் எடுப்பது. அதை எந்தச் சூழ்நிலையிலும் செய்யாதீர்கள். விழுங்கிய பெட்ரோலைவிட, புரையேறி நுரையீரலுக்குள் போன சில சொட்டுகளே பேராபத்து. தப்பித் தவறி யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் நேராக மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். வாந்தி எடுக்கும்போதுதான் அது நுரையீரலுக்குள் இறங்குகிறது.

எரிபொருள் குழாய் எதையும் கழற்றும் முன் அதிலுள்ள அழுத்தத்தை இறக்க வேண்டும். பம்பின் ஃபியூஸையோ ரிலேயையோ உருவிவிட்டு, இன்ஜினை ஸ்டார்ட் செய்து, அது தானாக நிற்கும் வரை ஓடவிட்டு, பின் செல்ஃபை மூன்று விநாடி சுற்றுங்கள். டேங்க் மூடியைத் திறந்து, அடைபட்ட ஆவியை வெளியே விட்டு, பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றுங்கள். அதன் பிறகும், இணைப்பின் மேல் பழந்துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி அணிந்துதான் கழற்ற வேண்டும். ஸ்டார்ட் ஆகாத வண்டியில் இந்த அழுத்தம் முழுதாக இறங்கியிருக்காது என்பதால் துணியும் கண்ணாடியும் இன்னும் அவசியம்.

மற்றொரு எல்லையையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். நேரடி உட்செலுத்தல் வகை டர்போ பெட்ரோல் கார்களிலும், காமன் ரெயில் டீசல் கார்களிலும், உயர் அழுத்தப் பம்புக்குப் பின்னால் உள்ள இரும்புக் குழாய்களைத் தொடவே கூடாது. டீசலில் அங்கே நிலவும் அழுத்தம் நூற்றுக்கணக்கில் தொடங்கி 1,600 பார் வரையும் அதற்கு மேலும் போகும். ஊசிமுனை அளவு கசிவே தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும். வெளியே சிறு புள்ளியாகத் தெரியும் அந்தக் காயம் கையையே இழக்கச் செய்யக்கூடியது.

அறிகுறியைப் பிரித்துப் பாருங்கள்

செல்ஃபே சுற்றவில்லை, அல்லது “டக் டக்” என்று மட்டும் சத்தம் வருகிறது என்றால் அது பேட்டரி, ஸ்டார்ட்டர் சம்பந்தப்பட்டது. எரிபொருளுக்கும் அதற்கும் தொடர்பில்லை. சாவியை ஆன் செய்ததும் டேஷ்போர்டில் சாவிப் படமோ பூட்டுப் படமோ விட்டுவிட்டு மினுக்கினால் அது இம்மொபிலைசர் எனும் திருட்டுத் தடுப்பு அமைப்பு, அதற்கு வேறு சிகிச்சை.

செல்ஃப் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லை என்றால், குறை எரிபொருளிலா, ஸ்பார்க் பிளக் தரும் பொறியிலா என்று முதலில் பிரிக்க வேண்டும். செல்ஃப் சுற்றும்போது ஆர்.பி.எம். முள் சிறிதளவாவது அசைகிறதா என்று பாருங்கள். பல கார்களில் அது இருநூறு முந்நூறு அளவுக்கு எழும்பும். முள் அசையவே இல்லை என்றால், இன்ஜினின் சுழற்சியை உணரும் கிராங்க் சென்சாரின் சமிக்ஞை வரவில்லையோ என்று சந்தேகிக்க வேண்டும். இன்ஜின் சுற்றுகிறது என்பதே அதன் கணினியான இ.சி.யூ.வுக்குத் தெரியாதபோது, அது பம்பையும் ஓடவிடாது, பொறியையும் கொடுக்காது. பம்ப் பழுது என்று எண்ணப்பட்டு வரும் வண்டிகளில் இப்படிப்பட்டவையும் உண்டு.

அடுத்து, ஐந்து விநாடி வீதம் இரண்டு மூன்று முறை செல்ஃப் அடித்த பின், ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை காய்ந்து, பெட்ரோல் வாடையே இல்லாமல் இருந்தால் எரிபொருள் வந்து சேரவில்லை. நனைந்து வாடையடித்தால் எரிபொருள் வருகிறது, குறை பொறியிலோ அளவுக்கு மீறி வரும் பெட்ரோலிலோ இருக்கிறது. இடைவிடாமல் செல்ஃப் அடித்துக்கொண்டே இருக்காதீர்கள். ஸ்டார்ட்டர் சூடேறும் என்பதோடு, எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் இறங்கி, பின்னர் இன்ஜின் பிடித்ததும், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கருக்கிவிடும்.

ஸ்டார்ட் ஆகி ஓரிரு விநாடியில் நின்றுவிடுவது, சமதரையில் நன்றாக ஓடி ஏற்றத்தில் முக்குவது, சூடாக இருக்கும்போது மட்டும் நீண்ட நேரம் சுற்றிப் பிடிப்பது, டேங்கை நிரப்பிய உடனே மட்டும் மக்கர் செய்வது என்று மற்ற அறிகுறிகளும் உண்டு. இவற்றில் எது என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அது வெயில் வேளையிலா, மழைக்குப் பிறகா, டேங்கில் எவ்வளவு இருக்கும்போது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். கடைசியாகச் சொன்ன அறிகுறிக்கு ஒரு விளக்கம் உண்டு. டேங்கின் ஆவியைப் பிடித்து வைக்கும் கரிப்பெட்டியிலிருந்து இன்ஜினுக்குப் போகும் பர்ஜ் வால்வு மூடாமல் நின்றுவிட்டால், நிரப்பியதும் பெருகும் ஆவி இன்ஜினை மூச்சுத் திணறடிக்கும். ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்துக்கொண்டு செல்ஃப் அடித்தால் பிடித்துவிடும் வண்டியில், பம்பைப் பார்ப்பதற்கு முன் அந்த வால்வைத்தான் பார்க்க வேண்டும். பங்கில் முதல் முறை தானாக நின்ற பிறகும் “ரவுண்டா போடுங்க” என்று கழுத்துவரை ஊற்றிக்கொள்ளும் பழக்கம் இந்தக் கரிப்பெட்டியைத்தான் முதலில் கெடுக்கிறது.

டேங்கில் இருப்பது பெட்ரோல்தானா

மீட்டர் கால் டேங்க் காட்டுகிறது என்பதை நம்பிவிடாதீர்கள். மிதவையோடு இணைந்த சென்சார் துருவேறினால் பொய் சொல்லும். ஐந்து லிட்டர் வாங்கி ஊற்றிப் பார்ப்பதே முதல் சோதனை. டேங்க் மூடியைத் திறக்கும்போது காற்றை உள்ளிழுக்கும் ஓசை பலமாகக் கேட்டால் காற்றுவழி அடைபட்டிருக்கலாம். ஓடி ஓடி நிற்கும் வண்டி, மூடியைச் சற்றுத் தளர்த்தி ஓட்டினால் நிற்காமல் ஓடுமானால், காரணம் அங்கேயே தெரிந்துவிட்டது.

மாதக்கணக்கில் நின்ற வண்டியில் பெட்ரோலின் தரத்தையே சோதிக்க வேண்டும். எளிதில் ஆவியாகும் பகுதிகள் போய்விட, மிச்சமிருப்பது பற்றுவதற்கு அடம்பிடிக்கும். இன்னும் நாட்கள் சென்றால் வார்னிஷ் போன்ற பிசின் படிந்து, இன்ஜெக்டரின் நுண்துளைகளை அடைக்கும். இதோடு, இப்போது பங்குகளில் வரும் இ20 பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். எத்தனால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் இயல்புடையது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் நீர் சேர்ந்ததும் எத்தனாலும் நீரும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து, டேங்கின் அடியில், அதாவது பம்ப் உறிஞ்சும் இடத்திலேயே, தங்கிவிடும். பம்ப் நன்றாக ஓடும், அழுத்தமும் சரியாக இருக்கும், ஆனால் இன்ஜெக்டருக்குப் போவது எரியாத கலவை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணிக் கரையோரத் தெருக்களில் மூழ்கிய வண்டிகளைப் போல, வெள்ளத்தில் நின்ற எந்த வண்டியிலும் இதைச் சோதிக்காமல் சாவியைத் திருகவே கூடாது.

சோதிப்பது எளிது. கைப்பம்பு வைத்த சைஃபன் டியூபை டேங்கின் அடிவரை விட்டு, அகன்ற வாயுள்ள கண்ணாடி ஜாடியில் கால் லிட்டர் எடுத்து, அசையாமல் அரை மணி நேரம் வையுங்கள். சில டேங்குகளில் திருட்டைத் தடுக்கும் வலை டியூபை விடாது. அப்போது பின்னால் சொல்லும் முறையில் பம்பை ஓடவிட்டு முன்பக்கக் குழாயிலிருந்து எடுக்கலாம். ஜாடியின் அடியில் தனிப் படலம் தெரிந்தால் டேங்கைக் காலி செய்து கழுவுவது தவிர வேறு வழியில்லை. கலங்கலாகவோ, தேன் நிறத்திலோ, பெயின்ட் வாடையோடோ இருந்தாலும் அதே முடிவுதான். பழைய பெட்ரோலின் மேல் புதிதைக் கலந்து சமாளிப்பது, பிசினையும் நீரையும் ஃபில்டருக்கும் இன்ஜெக்டருக்கும் அனுப்பி வைப்பதாகவே முடியும்.

பம்பின் சத்தத்தைக் கேளுங்கள்

இந்தச் சோதனைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து, சாவியை ஸ்டார்ட் வரை கொண்டுபோகாமல் ஆன் நிலையில் மட்டும் வைக்க வேண்டும். மற்றவர் பின் இருக்கைக்கு அருகிலோ டேங்கின் வாயிலோ காதை வைத்துக் கேட்க வேண்டும். இரண்டு மூன்று விநாடிக்கு “ம்ம்ம்” என்ற மெல்லிய ஓசை கேட்டு நின்றால், பம்புக்கு மின்சாரம் வருகிறது, மோட்டாரும் சுற்றுகிறது. சில கார்களில் ஓட்டுநர் கதவைத் திறந்ததுமே பம்ப் ஒருமுறை ஓடிவிடும். வேறு சிலவற்றில் செல்ஃப் சுற்றும்போதுதான் ஓடும். உங்கள் வண்டி நன்றாக இருக்கும் நாளில் ஒருமுறை கேட்டு வைத்துக்கொள்வது, பழுதான நாளில் பெரிய உதவி.

ஓசை கேட்டுவிட்டது என்பதற்காகப் பம்ப் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டக்கூடாது. சுற்றுகிறது என்பது மட்டுமே தெரிந்திருக்கிறது. வழக்கத்தைவிட உரத்து, உறுமலாகவோ கீச்சென்றோ கேட்டால், அடியில் உள்ள சல்லடை அடைத்திருக்கலாம், அல்லது பம்ப் தேய்ந்திருக்கலாம். டேங்குக்குள் இருக்கும் பம்பைக் குளிர்விப்பது அதைச் சுற்றியுள்ள பெட்ரோலே. அக்னி நட்சத்திரக் காலத்தில் நாங்குநேரி வழியே நான்கு வழிச்சாலையில் ரிசர்வ் விளக்கு எரிய எரிய ஓட்டுவது பம்பின் ஆயுளைக் குறைத்துக்கொள்வதாகும். எப்போதும் கால் டேங்குக்குக் குறையாமல் வைத்திருங்கள்.

ஓசையே இல்லை என்றால், செல்ஃப் சுற்றும்போது மற்றவர் ரப்பர் சுத்தியலால் டேங்கின் அடிப்பகுதியில் மெதுவாகத் தட்டிப் பார்க்கலாம். தட்டியதும் இன்ஜின் பிடித்தால் மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது, பம்பை மாற்றும் காலம் வந்துவிட்டது என்று பொருள். தட்டி ஓட்டிக்கொண்டே இருக்கலாம் என்று எண்ணாதீர்கள். அது ஒருமுறை வீடு சேர்க்கும், மறுமுறை வழியில் நிறுத்தும்.

மின்சாரம் பம்புவரை போகிறதா

இந்தப் பகுதியில்தான் அதிகப் பொறுமை வேண்டும், பணம் மிச்சமாவதும் பெரும்பாலும் இங்கேதான். முதலில் ஃபியூஸ். ஃபியூஸ் பெட்டி மூடியின் உட்புறப் படத்தைப் பார்த்து, பம்புக்கான ஃபியூஸை உருவி, மல்டிமீட்டரின் பீப் நிலையில் சோதியுங்கள். அது எரிந்திருந்தால் அதே ஆம்பியர் அளவுள்ள புதியதைப் போடுங்கள். மறுபடியும் எரிந்தால் எங்கோ கம்பி உரசுகிறது. பெரிய ஃபியூஸைப் போட்டு மழுப்பினால் ஒயரிங்கே பற்றிக்கொள்ளும்.

அடுத்து ரிலே. அதே பெட்டியில் அதே எண் அச்சிட்ட வேறொரு ரிலே, பெரும்பாலும் ஹாரனுக்கோ ஏ.சி.க்கோ உரியது, இருக்கும். இரண்டையும் இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். பம்ப் ஓடினால் பழுது முடிந்தது, சில நூறு ரூபாயில் புது ரிலே கிடைக்கும். உவரி, கூடுதாழை போன்ற கடற்கரை ஊர்களில் நிற்கும் வண்டிகளில் உப்புக்காற்று ரிலேயின் காலிலும் சாக்கெட்டிலும் பச்சை பூக்க வைத்துவிடும். காலைச் சுத்தம் செய்து மறுபடி சொருகினாலே சில வண்டிகள் உயிர் பெறும்.

ரிலேயும் சரி என்றால், அதன் சாக்கெட்டில் 30, 87 என்று குறித்த இரண்டு துளைகளை, நடுவில் 15 ஆம்பியர் ஃபியூஸ் வைத்த ஒரு கம்பியால் இணைத்துப் பாருங்கள். இந்த எண்கள் ரிலேயின் அடியிலேயே அச்சிடப்பட்டிருக்கும். அவை இல்லாத வண்டியில் ஊகித்துச் செய்யாதீர்கள். இணைத்ததும் பம்ப் ஓடினால் பம்பும் அதன் கம்பியும் நன்றாக இருக்கின்றன. ரிலேயை இயக்கும் கட்டளைதான் வரவில்லை, இனி இ.சி.யூ., கிராங்க் சென்சார், இம்மொபிலைசர் பக்கம் பார்க்க வேண்டும். ஃபோர்டு கார்கள் சிலவற்றில் மோதலின்போது பம்பை நிறுத்தும் சுவிட்ச் ஒன்று முன் இருக்கையின் கால்மாட்டுப் பக்கவாட்டில் இருக்கும். பெரிய குழியில் விழுந்தாலும் அது துள்ளி எழும்பலாம், மேலே உள்ள பொத்தானை அமுக்கினால் போதும்.

கம்பியால் இணைத்தும் ஓடவில்லை என்றால், பின் இருக்கையின் மெத்தையைத் தூக்கி, தகட்டு மூடியைத் திறந்து, பம்பின் கனெக்டருக்குப் போங்கள். இங்கே மல்டிமீட்டரை மட்டும் நம்புவது ஏமாற்றத்தில் முடியலாம். ஒற்றை இழையில் தொங்கும் கம்பியிலும் மீட்டர் 12 வோல்ட் காட்டும், ஏனென்றால் மீட்டர் இழுக்கும் மின்னோட்டம் மிகமிகச் சிறியது. பம்ப் கேட்பதோ நான்கு முதல் எட்டு ஆம்பியர். எனவே ஒரு ஹெட்லைட் பல்பைக் கம்பியில் கட்டி, கனெக்டரின் பிளஸ்ஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் இணைத்துப் பாருங்கள். தகட்டு மூடிக்கு அடியில் உள்ள, டேங்கின் சொந்த மேல் மூடி திறந்திருக்கும்போது இதைச் செய்யக்கூடாது. கனெக்டர் பகுதியில் பெட்ரோல் வாடை இல்லை என்று உறுதி செய்துகொண்டு, பல்பை வண்டிக்கு வெளியே, நல்ல தூரத்தில் வைத்துச் செய்யுங்கள். பிரகாசமாக எரிந்தால் மின்சாரம் முழுதாக வருகிறது, பம்பே குற்றவாளி. மங்கலாக எரிந்தாலோ எரியாவிட்டாலோ கம்பியில் குறை.

பம்ப் ஓடியும் வண்டியில் இழுவை இல்லை என்றால், இதையே வோல்ட் இழப்புச் சோதனையாகச் செய்ய வேண்டும். பம்ப் ஓடிக்கொண்டிருக்க, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் பிளஸ்ஸிலும் மற்ற முனையை நீண்ட கம்பியால் பம்ப் கனெக்டரின் பிளஸ்ஸிலும் வையுங்கள். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. பிறகு பேட்டரி மைனஸுக்கும் கனெக்டரின் எர்த்துக்கும் நடுவில் இதேபோல் அளந்தால் அதில் பாதிக்குள் இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் சேர்ந்து இரண்டு வோல்ட் காணாமல் போனால், பம்ப் மெதுவாகச் சுற்றி, தேய்ந்த பம்பைப் போலவே நடிக்கும். புதுப் பம்ப் போட்டாலும் அதே குறை தொடரும். இப்படிப் புதுப் பம்ப் போட்டும் தீராத வண்டிகளை நினைத்துத்தான் இந்தச் சோதனையை விடாமல் செய்யச் சொல்கிறேன்.

கம்பியில் குறை என்றால் முதலில் எலியைத் தேடுங்கள். பிசான நெல் அறுவடை முடிந்த மாசி, பங்குனியில் வயலில் தீனி குறைய, சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி போன்ற வயல்சூழ் ஊர்களில் எலிகள் வீட்டுக்கும் நிற்கும் வண்டிக்கும் வந்துசேரும். பானெட்டுக்குள்ளும் பின் இருக்கைக்கு அடியிலும் புழுக்கையோ, கடித்துத் துப்பிய பிளாஸ்டிக் துணுக்கோ கிடக்கிறதா என்று பாருங்கள். கம்பியோடு நின்றுவிடாமல் நைலான் எரிபொருள் குழாயையும் அவை கடிக்கும் என்பதால், ஸ்டார்ட் செய்யும் முன் குழாய் முழுவதையும் விளக்கு வைத்துப் பார்த்துவிடுவது நல்லது.

அழுத்தம் வேறு, ஓட்டம் வேறு

மின்சாரம் சரி, பம்ப் ஓடுகிறது, இன்னும் குறை தீரவில்லை என்றால் பிரஷர் கேஜ் வேண்டும். பல முனைகளோடு வரும் கேஜ் செட்டை இணையத்தில் வாங்கலாம், பழக்கமான ஒர்க் ஷாப்பில் ஒரு நாளைக்கு இரவலும் கேட்கலாம். சில கார்களில், இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பிரித்துக் கொடுக்கும் குழாயான ரெயிலின் மேல் டியூப் வால்வு போன்ற சோதனைமுனை இருக்கும். நம் ஊரில் ஓடும் பல கார்களில் அது இல்லாததால், முன்சொன்னபடி அழுத்தத்தை இறக்கி, குழாய்க்கும் ரெயிலுக்கும் நடுவில் டி வடிவ இணைப்பை வைக்க வேண்டும். இணைத்ததும் சாவியை ஆன் செய்து, ஒரு சொட்டுக் கசிவும் இல்லை என்று பார்த்த பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

எம்.பி.எஃப்.ஐ. கார்களில் பொதுவாக மூன்று முதல் நான்கு பார் வரை இருக்கும். உங்கள் வண்டிக்குரிய சரியான அளவை சர்வீஸ் மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள். சாவி ஆன் செய்ததும் அந்த அளவுக்கு ஏறி, ஆக்சிலேட்டரை மிதிக்காமல் ஓடும் ஐடிலிலும், சட்டென்று ஆக்சிலேட்டரை மிதிக்கும்போதும் ஏறக்குறைய அங்கேயே நிற்க வேண்டும். மிதிக்கும்போது சரிந்தால் ஃபில்டர் அடைப்பு, சல்லடை அடைப்பு, பம்ப் தேய்மானம் ஆகிய மூன்றில் ஒன்று. ஐடிலிலேயே குறைவாக இருந்தால், அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரையும் சேர்த்துச் சந்தேகியுங்கள். அளவுக்கு மேல் இருந்தால் ரெகுலேட்டர் மூடியபடி நின்றிருக்கிறது, அல்லது திரும்பும் குழாய் நசுங்கியிருக்கிறது.

இன்ஜினை நிறுத்தியபின் ஐந்து நிமிடம் கேஜைப் பாருங்கள். சற்று இறங்கி நிற்பது இயல்பு. கண்முன்னே சுழியத்துக்கு விழுந்தால் பம்பிலுள்ள ஒருவழி வால்வு, ரெகுலேட்டர், கசியும் இன்ஜெக்டர் ஆகியவற்றில் ஒன்று. கேஜ் செட்டில் உள்ள அடைப்பானால் டேங்க் பக்கத்தை மூடிப் பாருங்கள். மூடிய பின் அழுத்தம் நின்றால் கசிவு டேங்க் பக்கம், நிற்காமல் விழுந்தால் இன்ஜெக்டர் பக்கம். நைலான் குழாயைப் பிளையரால் நசுக்கி இதைச் செய்யாதீர்கள், வெடித்துவிடும். கேஜ் இல்லாதவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. சூடாக நின்ற வண்டி நீண்ட நேரம் சுற்றித்தான் பிடிக்கிறது என்றால், சாவியை ஆன் செய்து மூன்று விநாடி பொறுத்து ஆஃப் செய்வதை மூன்று முறை செய்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். உடனே பிடித்தால் குழாயில் அழுத்தம் தங்கவில்லை என்பது உறுதி.

அழுத்தம் சரியாக இருக்கிறது என்பதால் மட்டும் எரிபொருள் போதிய அளவில் வருகிறது என்று சொல்ல முடியாது. ஐடிலில் இன்ஜின் குடிப்பது கொஞ்சம், பாதி அடைத்த ஃபில்டரும் அதற்குப் போதும். திருநெல்வேலி ஈரடுக்கு மேம்பாலத்தில் ஆளோடு சுமையோடு ஏறும்போதும், பாபநாசம் மலைப்பாதையில் இரண்டாம் கியரில் இழுக்கும்போதும்தான் பற்றாக்குறை வெளிப்படும். எனவே ஓட்டத்தைத் தனியே அளக்க வேண்டும். முன்பக்கக் குழாயைப் பெட்ரோல் தாங்கும் ரப்பர் டியூபோடு இணைத்து, அளவு குறித்த பெட்ரோல் கேனில் விட்டு, ரிலே சாக்கெட்டில் கம்பி இணைத்து அரை நிமிடம் பம்பை ஓடவிடுங்கள். சாதாரணச் சிறிய காரிலும் அரை லிட்டருக்குக் குறையாமல் வர வேண்டும். நூல்போல் வந்தால் அடைப்பு, விட்டுவிட்டு நுரைத்து வந்தால் டேங்குக்குள் பம்பையும் மூடியையும் இணைக்கும் சிறு குழாயில் பிளவு. அந்தக் குழாய்ப் பிளவு பம்பின் தேய்மானத்தைப் போலவே தோன்றும் என்பதால், பம்பை வெளியே எடுத்ததும் முதலில் அதைப் பாருங்கள்.

ஸ்கேனர் சொல்வதைப் புரிந்துகொள்ளுதல்

ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள ஓ.பி.டி. எனும் சோதனைமுனையில் செருகி, செல்போனோடு இணையும் புளூடூத் ஸ்கேனர் இன்று மலிவாகக் கிடைக்கிறது. அதில் வரும் குறியீடுகளில் பி0087 ரெயிலில் அழுத்தம் குறைவு என்பதையும், பி0230 பம்பின் மின்சுற்றுக் குறையையும், பி0335 கிராங்க் சென்சாரையும், பி0201 முதல் பி0204 வரை நான்கு இன்ஜெக்டர்களின் மின்சுற்றையும், பி0171 கலவையில் பெட்ரோல் குறைவு என்பதையும் குறிக்கும். குறியீடு காட்டுவது பகுதியை மட்டுமே, பழுதான பாகத்தை அல்ல.

குறியீட்டைவிட மதிப்புள்ளது ஃபியூயல் டிரிம் என்ற எண். கலவையில் பெட்ரோல் குறைவதை ஆக்சிஜன் சென்சார் மூலம் உணர்ந்த இ.சி.யூ., எத்தனை சதவீதம் கூட்டிக் கொடுக்கிறது என்பதே அது. ஐடிலில் எண் சிறிதாக இருந்து, சாலையில் மூன்றாயிரம் ஆர்.பி.எம்.மில் சுமையோடு ஓட்டும்போது பதினைந்து, இருபது என்று ஏறினால் எரிபொருள் போதவில்லை. ஐடிலில் இருபது காட்டி, வேகத்தில் நாலைந்துக்கு இறங்கினால் அது காற்றுக் கசிவு, பம்பைத் தொட வேண்டாம். காற்றின் அளவை நேரடியாக அளக்கும் சென்சார் உள்ள வண்டிகளுக்கே இந்த இரண்டாம் விதி தெளிவாகப் பொருந்தும். காற்றழுத்த சென்சாரை மட்டும் நம்பும் வண்டிகளில் காற்றுக் கசிவு பெரும்பாலும் ஐடில் வேகம் கூடுவதாகவே தெரியும்.

இங்கே இ20ஐயும் கணக்கில் எடுக்க வேண்டும். தூய பெட்ரோல் ஒரு பங்கு எரிய ஏறக்குறைய 14.7 பங்கு காற்று வேண்டும், எத்தனாலுக்கு ஒன்பது பங்கே போதும். எனவே இ20 ஊற்றிய இன்ஜின் அதே காற்றுக்குக் கூடுதல் எரிபொருளைக் கேட்கும். பழைய கணக்குக்கு அமைத்த காரில் டிரிம் எண் நான்கு முதல் எட்டு சதவீதம்வரை கூடுதலாக நிலைத்து நிற்பது பழுதின் அடையாளம் ஆகாது. அதை வைத்துப் பம்பை மாற்றச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

இன்ஜெக்டர்

நீளமான ஸ்குரூ டிரைவரின் முனையை ஓடும் இன்ஜினின் ஒவ்வொரு இன்ஜெக்டர் மீதும் வைத்து, பிடியில் காதை வைத்தால் “டிக் டிக்” என்று சீராகக் கேட்க வேண்டும். கேட்காத ஒன்றின் கனெக்டரைக் கழற்றி ஓம் அளந்தால், பெரும்பாலான கார்களில் 11 முதல் 16 ஓமுக்குள் வரும். நான்கும் ஒன்றுபோல் இருப்பதே முக்கியம். டிக் ஓசை இருந்தும் அந்த சிலிண்டர் மட்டும் மிஸ் அடித்தால் முனை அடைத்திருக்கலாம். அதைக் கழற்றி ஒர்க் ஷாப்பில் அல்ட்ராசானிக் முறையில் கழுவ வேண்டும், வீட்டில் ஊசியால் குத்தக்கூடாது.

டீசலும் கார்புரேட்டரும்

டீசல் வண்டியில் வீட்டில் செய்யத்தக்கது ஃபில்டர்வரைதான். அடியில் உள்ள திருகைத் தளர்த்தி நீரை வடியுங்கள். ஃபில்டர் மாற்றியபின் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் காற்று புகுந்திருக்கிறது. கைப்பம்பு உள்ள வண்டியில் அது கெட்டியாகும்வரை அமுக்குங்கள். ஃபில்டருக்குப் போகும் குழாயின் நடுவில் சிறிது தூரம் கண்ணாடி போன்ற டியூப் வைத்து ஓடவிட்டால், குமிழிகள் வருவது கண்ணுக்குத் தெரியும். குமிழி வந்தால் டேங்குக்கும் ஃபில்டருக்கும் நடுவில் உறிஞ்சும் பக்கத்தில் விரிசல். பங்கில் தவறிப்போய் டீசலுக்குப் பதில் பெட்ரோல் ஊற்றியிருந்தால் சாவியை ஆன்கூடச் செய்யாமல் தள்ளி நிறுத்தி, டேங்கைக் காலி செய்யுங்கள். ஓடவிட்டால் உயர் அழுத்தப் பம்ப் வழுவழுப்பின்றித் தேய்ந்து, உலோகத் தூள் இன்ஜெக்டர்வரை போய்விடும். ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரேயை, சூடேற்றும் குளோ பிளக் உள்ள டீசலில் அடிக்கவே கூடாது.

அம்பாசிடர், பத்மினி, பழைய மாருதி 800 போன்ற கார்புரேட்டர் வண்டி வைத்திருப்பவர்களுக்குச் சித்திரை வெயிலில் வரும் தொல்லை பெரும்பாலும் வேப்பர் லாக். இன்ஜின் மேலேயே பம்ப் இருப்பதால் சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிடும். பம்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றிக் கால் மணி நேரம் பொறுத்தால் சரியாகிவிடும். ஆனால் இ20 பழைய ரப்பர் டயாஃப்ரத்தையும் குழாய்களையும் ஊற வைத்துக் கெடுக்கும் என்பதால், இவ்வண்டிகளில் அவற்றை எத்தனால் தாங்கும் புது ரப்பருக்கு மாற்றிவிடுவது அவசியமாகிவிட்டது.

ஒர்க் ஷாப்புக்குப் போகும்போது

“இழுக்க மாட்டக்கு” என்று மட்டும் சொல்லாமல், அளந்த எண்களைச் சொல்லுங்கள். பம்பில் எத்தனை வோல்ட் வருகிறது, ஐடிலில் எத்தனை பார், மிதிக்கும்போது எவ்வளவு, நிறுத்திய ஐந்து நிமிடத்தில் எவ்வளவு, அரை நிமிடத்தில் எவ்வளவு பெட்ரோல் வந்தது, டிரிம் என்ன என்ற ஆறு எண்களைத் தாளில் எழுதிக் கொடுத்தால், தொழில் தெரிந்த எந்த மெக்கானிக்கும் அதை மதிப்பார். உங்களுக்கு வீண் செலவும் அவருக்கு வீண் நேரமும் குறையும். பம்ப் மாற்றுவதென்றே முடிவானால் சல்லடை, ஃபில்டர், மேல் மூடியின் ரப்பர் வளையம் ஆகியவற்றையும் புதிதாகவே போடச் சொல்லி, பழைய பம்பைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் டேங்கின் மேல் பகுதியில் கசிவு இல்லை என்று இன்ஜின் ஓடும்போதே பார்த்துவிட்டு, அதன் பிறகு இருக்கையை மூடி, சுமையோடு ஏற்றத்தில் ஓட்டி மறுபடி டிரிம் எண்ணைப் படியுங்கள்.

சோதனைக்காக எடுத்த பெட்ரோலில் நீரோ கசடோ இல்லை என்றால் வடிகட்டி டேங்கிலேயே ஊற்றிவிடலாம். கெட்டுப்போனதைக் கன்னடியன் கால்வாயிலோ பாளையங்கால்வாயிலோ, வீட்டுச் சாக்கடையிலோ கொட்டாமல், மூடியுள்ள உலோகக் கேனில் அடைத்து, கழிவு எண்ணெய் சேகரிக்கும் ஒர்க் ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.